பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

யாழ்ப்பாணத்திலே சவாரி மாடு வளர்ப்பவர் அதனை ஏரிலே பூட்டுவதில்லை. உழவுக்கு ஒரு சோடி, சவாரிக்கு ஒரு சோடி என்று வைத்துக்கொள்ளும் வசதியோ எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. இன்று லண்டனிலும் பேர்மிங்ஹாமிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர் சிலர் விரும்புவது வேறு: விடுமுறை நாளில் மலைப்பாதையிலே கூரையைத் திறந்து உல்லாசமாக ஓட்டும் வண்டியே, திங்கட்கிழமை காலையில் தம்மை வேலைத்தலத்துக்கும் கொண்டுசேர்க்கவேண்டும். புதிதாக வாங்கப் பணம் போதாது. ஆகவே பிறர் பாவித்து விற்கும் ஸ்போர்ட்ஸ் காரின்மேற் கண் செல்கின்றது. சேமித்த முதற் பணம் அத்தனையும் இதிலே போகப் போகின்றதே என்று ஊரிலுள்ள பெற்றோர் கலங்குகின்றனர். அந்தக் கலக்கத்தை நாம் குறை கூறமாட்டோம். எனினும், இப்படியான கார் வாங்குவது எப்போதும் வீண் செலவு என்று சொல்வதும் சரியன்று. எந்தக் கார், எந்த நிலையிலுள்ள கார் என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றது.

இளைஞர் முதலிற் பார்ப்பது குதிரைவலுவை. நாம் அதனைக் கடைசியிற் பார்க்கச் சொல்வோம். காலை எட்டு மணிக்கு லண்டன் நகரத்து நெரிசலிலே நூறு குதிரைவலுவுள்ள காரும் இருநூறு குதிரைவலுவுள்ள காரும் ஒரே வேகத்திலேதான் ஊர்ந்து செல்கின்றன. நாள்தோறும் ஓடவேண்டிய காருக்கு வேண்டிய குணங்கள் வேறு. குளிர்காலக் காலையில் முதல் முயற்சியிலேயே எஞ்சின் இயங்கவேண்டும். அயலிலுள்ள சாதாரண கராஜிலே திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும். உதிரிப்பாகம் இலகுவிற் கிடைக்கவேண்டும். கிடைத்தாற் போதாது, சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையிலும் கிடைக்கவேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 1996 முதல் 2004 வரை செய்யப்பட்ட முதற் தலைமுறை போர்ஷே பொக்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். மிக நேர்த்தியான வண்டி. முன்னாலும் பின்னாலும் சாமான் வைக்க இடமுள்ளபடியால் நாளாந்தப் பாவனைக்குங்கூட வசதியானது. காலம் செல்லச் செல்ல அதன் விலை விழுந்து, சாதாரண குடும்பக் காரின் விலைக்கே கிடைக்கும் நிலை வந்தது. ஆனால், காரின் விலை விழுந்ததேயன்றி அதன் உதிரிப்பாகத்தின் விலை விழவில்லை. போதாக்குறைக்கு, அந்த எஞ்சினின் உள்ளே இடைத்தண்டு ஒன்றைத் தாங்கும் சிறிய பெயாறிங் ஒன்று உண்டு. எல்லாக் கார்களிலும் அது பழுதடைவதில்லை. பழுதடைந்த காரிலோ எஞ்சின் முழுவதுமே நாசமாகின்றது. மாதச் சம்பளத்தில் வாழ்பவர் இத்தகைய காரை வாங்கும்போது, திருத்தச் செலவுக்கென வேறாக ஒரு தொகையை வங்கியிலே வைத்திருத்தல் அவசியம். அது முடியாதவர் அந்தக் காரை வீதியிலே கண்டு மகிழ்ந்து அப்பாற் செல்வதே நலம்.

நம்மைக் கேட்டால், நாளாந்த ஓட்டத்துக்கு ஏற்ற பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் என்று முதலிற் சுட்டக்கூடியது யப்பானிய மஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்.-5. இந்தக் காரின் பிறப்பே சுவையான கதை. 1979 ஆம் ஆண்டிலே பொப் ஹோல் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், மஸ்டாவின் பொறியியலாளராகிய கெனிச்சி யமமோட்டோவுடன் உரையாடுகையில், பழைய பிரித்தானியத் திறந்த கார்களைப் போன்ற இலேசான, மலிவான கார் ஒன்றை நீங்கள் ஏன் செய்யலாகாது என்று கேட்டார். எம்.ஜி., லோட்டஸ் முதலிய அந்தப் பிரித்தானியக் கார்கள் ஓட்டுவதற்கு இனியவை. ஒயில் ஒழுகுவதிலும் மழைக்காலத்தில் மின்கம்பிகள் மக்கர் செய்வதிலும் பேர்போனவை. அந்த இனிமையை வைத்துக்கொண்டு தொல்லைகளை நீக்கினால் எப்படியிருக்கும் என்பதே மஸ்டா பொறியியலாளரின் எண்ணம். பத்து ஆண்டுகளின் பின், 1989 பெப்ரவரியிலே சிக்காகோ மோட்டார் காட்சியில் அந்தக் கார் முதன்முதலாக வைக்கப்பட்டது. குதிரையும் அதன்மேலிருப்பவனும் ஓருடலாதல் என்னும் பொருளுள்ள பழைய யப்பானியத் தொடரொன்றை அவர்கள் தம் இலட்சியமாகக் கொண்டிருந்தனர். 2016 ஏப்ரலிலே ஹிரோஷிமா தொழிற்சாலையிலிருந்து பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. இரண்டு ஆசனமுள்ள திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வேறெதுவும் இவ்வளவு விற்கப்பட்டதில்லை.

இந்த எண்ணிக்கையை வெறும் பெருமைக்காக நாம் கூறவில்லை. பத்து இலட்சம் கார் ஓடினால், அதன் குறையும் பத்து இலட்சம் பேருக்குத் தெரிந்திருக்கும். திருத்தத் தெரிந்த கைகளும் பல இருக்கும். பழைய காரிலிருந்து கழற்றிய பாகமும் கிடைக்கும். முதற் தலைமுறைக் காரின் நிறை ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. எஞ்சின் 1.6 லீற்றர், வலு ஏறத்தாழ 115 குதிரை. நிறை குறைந்தபடியால் ரயரும் பிறேக்கும் நீடித்து உழைக்கின்றன, பெற்றோலும் மிச்சமாகின்றது.

இனி, காரைப் பார்க்கப் போகும்போது எதனைப் பார்ப்பது? ஒரே சொல்லிற் கூறினால், கறளை. எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் வைக்கலாம். உடல் இற்றுப்போன காருக்கு வைத்தியமில்லை. உண்டென்றாலும் அது காரின் விலையை விஞ்சும். பிரித்தானியாவிலே குளிர்காலத்தில் வீதியிற் பனி உறையாதிருக்க உப்புத் தூவுகின்றனர். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தை ஆண்டுதோறும் அரிக்கின்றது.

எம்.எக்ஸ்.-5 காருக்கு இதைவிட மறைவான சத்துரு ஒன்றுண்டு. அதன் துணிக்கூரையின் அடியில் மழைநீர் சேரும் ஒரு பீலி இருக்கின்றது. அங்கே சேரும் நீர், ஆசனங்களுக்குப் பின்னே இருபுறமும் உள்ள துவாரங்களின் வழியாக இறங்கி, பின்சில்லுகளுக்குச் சற்று முன்பாக நிலத்தில் விழவேண்டும். நம் வீட்டுக் கூரைப் பீலியிலே இலைகுப்பை அடைத்தால் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடக்கின்றது. மரத்தின் கீழ் நிறுத்திய காரின் துவாரம் சருகால் அடைபட்டு, நீர் வழிதவறி, கதவின் கீழ் நீளவாட்டில் ஓடும் தகட்டுப் பெட்டிக்குள் நின்றுவிடுகின்றது. வெளியிலே பளபளக்கும் வர்ணம். உள்ளே நாள்தோறும் கறள். கூரையில்லாத காருக்கு அந்தத் தகட்டுப் பெட்டியே முதுகெலும்பு. ஆகவே இது அழகைப் பற்றிய பேச்சன்று, உயிரைப் பற்றியது.

பார்ப்பதற்குப் பெரிய ஆயுதம் வேண்டாம். சட்டைப்பையிலே சிறிய காந்தமொன்று வைத்திருங்கள். பின்சில்லுக்கு முன்னுள்ள பகுதியிலே மெல்லிய துணியைச் சுற்றிய அந்தக் காந்தத்தை ஓடவிடுங்கள். இரும்பிருக்குமிடத்தில் ஒட்டும், தகடு இற்ற இடத்தைப் பசை பூசி நிரப்பி வர்ணம் அடித்திருந்தால் ஒட்டாது. ஆசனத்தின் பின்னேயுள்ள கம்பளத்தைக் கையால் அமுக்கிப் பாருங்கள். ஈரமும் பூஞ்சணமணமும் இருந்தால் கதை தெரிந்துவிடும். உடைமைக்காரர் சம்மதித்தால் துவாரத்தில் ஒரு கோப்பை நீரை ஊற்றிப் பார்க்கலாம். சற்று நேரத்தில் அது காரின் அடியிலே சொட்டவேண்டும். 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக் காரிலே இன்னுமோர் இடமுண்டு: எஞ்சினைத் தாங்கும் முன்சட்டத்தின் இரு கைகளும் உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றன. நிலத்தில் நிற்கும் காரைக் குனிந்து பார்த்து இதனை அறிய முடியாது. காரை உயர்த்தி, அடித்தட்டைக் கழற்றியே பார்க்கவேண்டும். ‘அதற்கெல்லாம் நேரமில்லை’ என்று விற்பவர் சொன்னால், நமக்கும் அந்தக் காருக்கு நேரமில்லை என்று திரும்பிவிடலாம்.

அங்கே யூனோஸ் என்னும் பெயரிலும் இதே கார் விற்பனைக்கு வருவதுண்டு. அது யப்பானில் விற்கப்பட்டுப் பின் இறக்குமதியானது. யப்பானிலும் பிரித்தானியாவிலும், நம் நாட்டிலே போல, வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால் அந்த இறக்குமதி இலகுவாயிற்று. வந்த புதிதில் அவற்றின் உடல் சுத்தமாக இருந்ததுண்டு. ஆயினும் இருபது ஆண்டு பிரித்தானிய உப்பிலே குளித்த பின் பிறந்த ஊரைச் சொல்லிப் பயனில்லை.

பிரித்தானியாவிலே கார் வாங்குவோருக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கின்றது. மூன்று வயதுக்கு மேற்பட்ட கார் ஆண்டுதோறும் அரசாங்கத்தின் எம்.ஓ.ரீ. பரிசோதனைக்குச் செல்லவேண்டும். 2005 முதலான பரிசோதனைப் பெறுபேறுகளை, காரின் இலக்கத்தைக் கொண்டு எவரும் இலவசமாக அறியலாம். எந்த ஆண்டு எத்தனை மைல் ஓடியிருந்தது, எதிலே சித்தியடையவில்லை, எதனைப் பற்றிப் பரிசோதகர் எச்சரித்தார் என்பதெல்லாம் அங்கே கிடக்கின்றன. மாணவனின் தேர்ச்சி அறிக்கையைத் தந்தையார் பார்ப்பதுபோல இதனை ஆண்டு ஆண்டாகப் பார்க்கவேண்டும். மைல் கணக்கு ஓராண்டில் ஏறி மறு ஆண்டில் இறங்கியிருந்தால், யாரோ மீற்றரில் கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அடித்தகட்டிலே கறள் தொடங்கியிருக்கின்றதென்று மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதப்பட்டு, நான்காம் ஆண்டிலே அந்த வரி மறைந்திருந்தால், நன்றாகத் திருத்தினார்களா, மைபூசி மறைத்தார்களா என்று கேட்டு, திருத்திய பற்றுச்சீட்டையும் பார்க்கவேண்டும். விபத்தில் அடிபட்டுக் காப்புறுதி நிறுவனம் கைவிட்ட கார்களும் திருத்தப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. 2017 ஒக்டோபர் முதல் இவற்றுள் சட்டத்தில் அடிபட்டவற்றுக்கு ‘எஸ்’ என்றும் ஏனையவற்றுக்கு ‘என்’ என்றும் வகுப்பு இடுகின்றனர். ‘எஸ்’ வகுப்புக் காரை முதற்கார் வாங்குவோர் தொடாதிருப்பது நல்லது.

எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முதலிரு தலைமுறைகளிலும் ரைமிங் பெல்ற் ஒன்று உண்டு. அதனை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையெனில் மாற்றவில்லை என்றே கணக்கிட்டு விலையைக் குறையுங்கள். குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன்னே இயக்கச் சொல்லுங்கள். நீங்கள் வருமுன்பே ஒருவர் அதனைச் சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. முதலிலே சிறிது ‘டிக், டிக்’ என்று ஒலித்துச் சற்று நேரத்தில் அடங்கினால் அச்சமில்லை; ஒயில் மாற்றினாலே பெரும்பாலும் தீரும். ஆனால் 1991 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை வந்த 1.6 எஞ்சின்கள் சிலவற்றிலே சுழல்தண்டின் முன்முனை தேய்ந்து ஆடும் குறை உண்டு. அவ்வளவு பழைய காரை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டாமல் வாங்கலாகாது.

பெற்றோர் அறியவேண்டிய விஷயமொன்று உண்டு. இந்தக் கார் பின்சில்லுகளால் உந்தப்படுவது. வழுக்கலைத் தடுக்கும் மின்னணுச் சாதனம் முதற் தலைமுறையில் இல்லை. ஆரம்ப காலக் கார்கள் பலவற்றிலே காற்றுப்பையும் இல்லை. தேய்ந்த ரயரோடு மழையிலே வளைவில் அவசரமாக முடுக்கினால் கார் தன்னைத் தானே சுற்றி நிற்கும். அண்மையில்தான் அனுமதிப்பத்திரம் பெற்ற மகனோ மகளோ வாங்குவதானால், மூன்றாந் தலைமுறைக்கு, அதாவது 2005 இன் பின் வந்தவற்றுக்குச் செல்வதையே நாம் விரும்புவோம். அவற்றிலும் அந்தச் சாதனம் உள்ளதைத் தேடி வாங்கவேண்டும். அந்தத் தலைமுறை எஞ்சினிலே பெல்ற்றுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பது மேலதிக இலாபம். நான்கு ரயரும் ஒரே தரத்தனவாக, ஓரங்கள் சமமாகத் தேய்ந்தனவாக இருக்கின்றனவா என்று எந்தத் தலைமுறையிலும் பாருங்கள். காருக்கு ஆயிரக்கணக்கிற் பணம் கொடுத்துவிட்டு, நான்கு சில்லிலும் நான்கு விதமான மலிவு ரயர் பூட்டியிருப்பவரின் கார், மற்றக் காரியங்களிலும் அப்படியே பராமரிக்கப்பட்டிருக்கும்.

லண்டனில் வசிப்போருக்கு வேறொரு கணக்கும் உண்டு. 2023 ஓகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளிலும் புகைக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதற்கு அமையாத கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் கட்டணமென வகுத்தார்கள். வருடத்திலே 240 நாள் வேலைக்குப் போனால் அது 3,000 பவுண். பழைய எம்.எக்ஸ்.-5 ஒன்றின் விலையே அவ்வளவாக இருக்கலாம்! பெற்றோற் கார்களுள் 2005 இன் பின் பதியப்பட்டவை பொதுவாக இதற்கு அமைந்தவை. அதற்கு முந்தியவற்றிலும் அமைந்தவை இருக்கின்றபடியால், காரின் இலக்கத்தைக் கொடுத்து முன்னரே விசாரிக்கவேண்டும். அவ்வாறே காப்புறுதிக் கட்டணத்தையும், விலைபேசுமுன் கேட்டு அறியுங்கள். இருபத்திரண்டு வயது இளைஞருக்கும் நாற்பது வயதுக் குடும்பஸ்தருக்கும் ஒரே காருக்கு ஒரே கட்டணம் கேட்கமாட்டார்கள்.

பாகங்களைப் பற்றி அஞ்சவேண்டாம். 2017 இலே மஸ்டா நிறுவனம் தானே முதற் தலைமுறைக் கார்களைப் புதுப்பிக்கும் சேவையை யப்பானில் அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றையும் மீண்டும் செய்யத் தொடங்கியது. கார் செய்த நிறுவனமே முப்பது ஆண்டு பழைய மலிவுக் காருக்கு இவ்வாறு செய்வது அரிது.

டிக்கியைப் பற்றி மட்டும் பொய் சொல்ல முடியாது. கடைக்குப் போய் ஒரு கிழமைச் சாமான் வாங்கி வரலாம். அதற்கு மேல் ஒரு அரிசி மூட்டையுங்கூட இடம் கேட்கும். ஆசனமும் இரண்டே. ஊரிலிருந்து தந்தையும் தாயும் ஒருமித்து ஹீத்ரோவில் வந்து இறங்கும் நாளில், மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் அடைத்த பெட்டிகளோடு தாயாரைக் காரில் ஏற்றி, தந்தையாரை ரயிலில் அனுப்பவேண்டி வரும். அந்த ஒரு நாளைக்குச் சினேகிதர் ஒருவரின் பெரிய காரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.