சான்றிதழுக்குப் பின் வந்த நுளம்பு

இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானவர். 1934–35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன நோயை ஒரு சிறிய நாடு வென்றது பெருமைக்குரியது. ஆனால் சான்றிதழ் கிடைத்த அதே ஆண்டின் இறுதியில், இந்நாடு அதுவரை கண்டிராத மலேரியா நுளம்பொன்று மன்னார்த் தீவில் அகப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்பது அதன் பெயர். சென்னை முதலான இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். மலேரியாவுக்குப் புது மருந்து தேடுவது இனி நமது கவலையல்ல என்று நினைப்பவர்கள் மன்னாரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இலங்கையில் முன்பு மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ், ஆறுகள் வற்றும்போது படுக்கையில் தேங்கும் குட்டைகளில் பெருகுவது. 1934இல் மழை பொய்த்ததும் கொள்ளைநோய் மூண்டது அதனால்தான். ஸ்டெபன்சியோ கிணறு, தண்ணீர்த் தொட்டி என்று மனிதர் கட்டிய இடங்களிலேயே முட்டையிடும். மன்னார்த் தீவில் கிணறில்லாமல் வாழ்க்கை இல்லை. கிணற்றில் மீன் விடலாம், மருந்து இடலாம், வலையால் மூடலாம், இவையெல்லாம் தேவை. ஆனாலும் ஒவ்வொரு வளவிலும் ஆண்டு முழுவதும் தவறாமல் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது சுகாதார ஊழியர்களுக்குத் தெரியும். பின்னர் இந்த நுளம்பு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் 2012இல் இது தென்பட்டபோது அங்கு பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர்; 2020இல் அந்தத் தொகை 70,000ஐத் தாண்டியது. நுளம்பு மட்டும் இருந்தால் நோய் வராது, ஒட்டுண்ணியைச் சுமந்த மனிதரும் வேண்டும். 2018இல் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் தொற்று உள்ளூர்வாசி ஒருவருக்குப் பரவியது. ஆகவே நுளம்பை முற்றாக ஒழிக்க முடியாத இடத்தில், மனித உடலிலுள்ள ஒட்டுண்ணியை விரைவாக அழிக்கும் மருந்துதான் கடைசி அரண்.

அந்த அரண் நிரந்தரமானதல்ல. குளோரோகுயினுக்கு பல்சிபாரம் வகை ஒட்டுண்ணி பல நாடுகளில் பணியாமல் போனது. அதன் இடத்துக்கு வந்த ஆர்ட்டிமிசினினுக்கும் முதலில் கம்போடியாப் பகுதியிலும், பிறகு ருவாண்டா, உகண்டா போன்ற நாடுகளிலும் எதிர்ப்பு தலைகாட்டிவிட்டது. பழைய மருந்தைச் சற்று மாற்றிச் செய்வதோடு நில்லாமல், ஒட்டுண்ணியிடம் இதுவரை தொடாத ஓர் இடத்தைத் தாக்குவதே அறிவான வழி. அத்தகைய இடங்களில் ஒன்று, இரும்பையும் கந்தகத்தையும் கோத்துக் கொடுக்கும் அதன் உள்பட்டறை.

மலேரியா ஒட்டுண்ணிக்குள் அப்பிகோபிளாஸ்ட் என்ற நுண்ணிய உறுப்பு உண்டு. அதன் மூதாதை எப்போதோ உள்வாங்கிக்கொண்ட அல்காவின் மிச்சம் அது. இலையிலுள்ள பச்சையவுருமணிக்கு உறவு, ஆனால் ஒளித்தொகுப்பைக் கைவிட்டுவிட்டது. அங்கேதான் இரும்பு-கந்தகக் கொத்துகள் உருவாகின்றன. நான்கு இரும்பு அணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் ஒரு கனசதுரத்தின் மூலைகளில் மாறிமாறி அமர்ந்திருப்பது இவற்றில் ஒரு வகை. சஃப்-எஸ் என்ற நொதியம், விற்றமின் பி6இன் ஒரு வடிவத்தின் துணையோடு, சிஸ்டீன் அமினோ அமிலத்திலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கிறது. சஃப்-ஈ அதை வாங்கிக் கைமாற்ற, சஃப்-பி, சி, டி என்ற மூன்று புரதங்களும் சேர்ந்து கொத்தைக் கட்டுகின்றன. இந்தக் கொத்து பொருந்தினால்தான் ஐசோபிரினொயிட் மூலப்பொருளைத் தயாரிக்கும் கடைசி இரண்டு நொதியங்களும் இயங்கும். அந்த மூலப்பொருள் இன்றி ஒட்டுண்ணி பிழைக்காது. 2011இல் அமெரிக்க விஞ்ஞானிகள் எலன் யேவும் ஜோசப் டிரைசியும், அப்பிகோபிளாஸ்டை இழந்த ஒட்டுண்ணிக்கு இந்த ஒரே மூலப்பொருளை வெளியிலிருந்து ஊட்டி இரத்த நிலையில் வாழவைத்துக் காட்டினர். 2013இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு, பழுதான சஃப்-சி புரதத்தை ஒட்டுண்ணிக்குள் புகுத்தியபோது அது மடிந்தது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் சமன் ஹபீப்பின் குழு, காசநோய்க்குப் பயன்படும் பழைய மருந்தான சைக்ளோசெரின் சஃப்-எஸ் நொதியத்தைத் தடுப்பதை 2014இல் வெளியிட்டது.

மனித உடலுக்கும் இரும்பு-கந்தகக் கொத்து வேண்டுமே, அதைத் தடுக்கும் மருந்து நோயாளியையே வாட்டாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது கலங்களின் இழைமணிகளும் இதே கொத்தைச் செய்கின்றன, ஆனால் வேறொரு புரதத் தொகுதியைக் கொண்டு. சஃப் தொகுதி நம்மிடம் இல்லை. எனினும் சஃப்-எஸ்ஸின் வேலையைச் செய்யும் நொதியம் நம்மிடமும் உண்டு, அதற்கும் பி6 வேண்டும். சைக்ளோசெரின் பற்றிக்கொள்வது அந்த பி6ஐத்தான்; அதை நம்பியிருக்கும் மற்ற நொதியங்களையும் அது விடாது. மனநிலையைப் பாதிக்கும் பக்கவிளைவுகளும் அதற்கு உண்டு. எனவே சைக்ளோசெரின் ஒரு துப்பு, குளிசையாகக் கொடுக்கத் தக்க மலேரியா மருந்து அல்ல. மனிதரிடம் ஒப்பே இல்லாத பி, சி, டி புரதங்களின் பிணைப்பைக் குறிவைப்பதே கூடுதல் பாதுகாப்பு. குடல் பக்டீரியாக்கள் சிலவற்றிலும் சஃப் தொகுதி இருப்பதால், அவற்றுக்கு நேரும் பாதிப்பையும் பார்த்தாக வேண்டும். காசநோய்க் கிருமியும் இதே தொகுதியை நம்பி வாழ்வதால், இந்த ஆய்வு இன்னொரு நோய்க்கும் வழி திறக்கக்கூடும்.

மருந்து வர ஆண்டுகள் செல்லும், அதுவரை கிணற்றைப் பார்த்தால் போதாதா என்பது இன்னொரு வாதம். ஆண்டுகள் செல்லும் என்பதனாலேயே இப்போது தொடங்க வேண்டும். 1963இல் இலங்கையில் மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டுமே. கவனம் தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொகை இலட்சங்களைத் தொட்டது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் ஆய்வுக்கும் கண்காணிப்புக்கும் பணத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நமது பல்கலைக்கழகங்கள் நுளம்பை ஆராய்வதோடு நிற்காமல், ஒட்டுண்ணியின் உயிர்வேதியியலிலும் அயல்நாட்டு ஆய்வகங்களோடு கைகோக்க வேண்டும்; அரசு அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். மன்னார் மக்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு: இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்தபின் காய்ச்சல் கண்டால், போய்வந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்யக் கேளுங்கள்.