கலம் சொல்லும் கதை

தஞ்சாவூர்ச் சீமையில் நெல்லை மரக்காலால் அளந்த நாளில் ‘கலம்’ என்ற சொல்லைக் கேளாத வீடு இருந்திராது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வேலிக்கு இத்தனை கலம் என்றுதான் மிராசுதாரர்கள் தங்கள் நிலத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டார்கள். மூட்டையும் குவிண்டாலும் வந்து அந்த அளவை ஒதுக்கிவிட்டன. ஆனால் தமிழில் அச்சொல்லுக்கு இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு. கடலில் ஓடும் மரக்கலமும் கலம்; குயவன் வனையும் மட்கலமும் கலம். இந்த இரண்டு கலங்களும் சேர்ந்து சொல்லும் ஒரு கதையை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். இத்தாலி தேசத்து எரிமலைச் சாரலில் தொடங்கி, நம் சோழமண்டலக் கடற்கரையில் வந்து முடிகிற கதை அது.

புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் நாள்தோறும் ஊட்ட, அரசன் இனிது வாழவேண்டும் என்பது வாழ்த்தின் சாரம். அந்த மது ‘கலத்தில்’ வந்தது என்கிறார் புலவர். கலம் என்பது கப்பலா, குப்பியா? உரைகாரர் இரு விதமாகவும் பொருள் கொள்வர். எப்படிக் கொண்டாலும் பிழையில்லை. மது குப்பியில் இருந்தது. குப்பி கப்பலில் இருந்தது.

இது புலவரின் கற்பனையன்று என்பதற்கு அந்நிய தேசத்துச் சாட்சியும் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்த கிரேக்க வணிகர் ஒருவர் செங்கடல், இந்து மகாசமுத்திரத் துறைமுகங்களைப் பற்றி ஒரு வழிகாட்டி எழுதி வைத்தார். ‘பெரிப்ளுஸ்’ என்று அதற்குப் பெயர். பரூச் துறைமுகத்தில் எந்தச் சரக்கு விலைபோகும் என்று சொல்லும்போது அவர் மதுவை முதலில் வைக்கிறார். அதிலும் இத்தாலி மதுவுக்கே மதிப்பு அதிகம். சிரியா, அரேபியா மதுக்கள் அதற்குப் பின்னேதான். சேரநாட்டு முசிறிக்கும் மது வந்தது, ஆனால் கொஞ்சமே என்கிறார். கிழக்குக் கரையில் கமரா, பொதுகா என்னும் துறைகளைக் குறிப்பிட்டு, எகிப்திலிருந்து வரும் சரக்கில் பெரும்பகுதி இப்பக்கம் வந்து சேர்கிறது என்றும் எழுதுகிறார். கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகா என்பது புதுச்சேரிப் பக்கத்துத் துறை என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர்.

அந்தப் புதுச்சேரித் துறை எங்கே இருந்தது என்பதை மண் காட்டிக் கொடுத்தது. புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்று ஒரு மேடு. 1945-ஆம் வருஷம் தொல்பொருள் இலாகாத் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் அதைத் தோண்டினார். பின்னர் பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரின் குழுவினரும் ஆராய்ந்தார்கள். பொன்னோ மணியோ அங்கே பெரிதாகப் பேசவில்லை, ஓடுகள்தான் பேசின. இரண்டு காது வைத்த நீண்ட ஜாடிகளின் உடைந்த துண்டுகள் அவை. ஆம்போரா என்று அந்த ஜாடியைச் சொல்வார்கள். அடி கூர்மையாக இருக்கும். தரையில் தானே நிற்காது. கப்பலின் வயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி அடுக்குவதற்காகவே அப்படி வனைந்தார்கள். மது கசியாமலிருக்க உள்ளே கீல் பூசினார்கள். இத்தாலியில் வழங்கிய ஒரு வகை ஜாடி ஏறக்குறைய இருபத்தாறு லிட்டர் கொள்ளும்.

காலி ஜாடியின் ஓட்டைக் கொண்டு அது பிறந்த ஊரைச் சொல்ல முடியுமா? முடியும். குயவன் எந்த மண்ணைப் பிசைந்தானோ அந்த மண்ணின் அணுக்கள் ஓட்டில் இருக்கின்றன. இத்தாலியின் மேற்குக் கரையில் நேப்பிள்ஸ் நகரைச் சூழ்ந்த நாட்டுக்குக் கம்பானியா என்று பெயர். அங்கே வெசூவியம் என்னும் எரிமலை கக்கிய கரும்மணல் களிமண்ணோடு கலந்திருக்கிறது. அந்தக் கரும்பொட்டு உள்ள ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. கிரேக்கத் தீவாகிய கோஸ் மதுவின் ஜாடிகளும் அங்கே நிறைய உண்டு. இந்தியாவில் ரோம ஜாடி என்று முன்பு எண்ணப்பட்ட ஓடுகளில் பல, பிற்காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த வேறு ஜாடிகளுடையவை என்று புதிய ஆராய்ச்சி பிரித்துக் காட்டியிருக்கிறது. ஆகையால் எதையும் மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும். ஆயினும் வெசூவிய மண் தமிழ்க் கரைக்கு வந்தது என்பதில் ஐயமில்லை.

அந்த ஜாடி வந்த வழியை நினைத்தால் வியப்புத்தான். கம்பானியாவின் துறைமுகமாகிய புத்தேயோலியில் கப்பலேறி அலெக்ஸாந்திரியாவில் இறங்கவேண்டும். நைல் நதியில் படகேறிக் கோப்தோஸ் வரை போகவேண்டும். அங்கிருந்து ஒட்டகத்தின் முதுகில் பன்னிரண்டு நாள் பாலைவனப் பிரயாணம். பிறகு செங்கடலில் பெரனிகே துறை. ஆடி மாதத்தை ஒட்டி அங்கே கப்பலேறினால், நம் குடகுமலையில் மழை பெய்வித்துக் காவிரியில் புதுவெள்ளம் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்று கப்பலையும் மேலைக் கரைக்குத் தள்ளிவிடும். வெள்ளமும் வியாபாரமும் ஒரே காற்றின் குழந்தைகள்!

மதுவுக்கு ஈடாக நாம் என்ன கொடுத்தோம்? கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் புகாரின் வீதிகளில் குவிந்த பண்டங்களை அடுக்குகிறார்: கடல்வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு மூட்டை, வடமலைப் பொன், மேற்குமலைச் சந்தனம், தென்கடல் முத்து, கங்கையின் செல்வம், ஈழத்து உணவு. அவற்றோடு காவிரி தந்த விளைவும் உண்டு. அந்த நீண்ட வரிசையில் யவன மது இல்லை! அது அரசர் கிண்ணத்துக்கு வந்த அருமைப் பொருளேயன்றி, நாட்டின் வாழ்வு அதை நம்பியிருக்கவில்லை. கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை ரோமாபுரி அறிஞர் பிளினியே சொல்லிப் புலம்புகிறார். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்ஸ் நாணயத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்றும், அதன் பண்டங்கள் ரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்கின்றன என்றும் அவர் எழுதினார். காவிரியின் கிளையாகிய அமராவதிக் கரையில் கரூரைச் சுற்றி அகப்பட்ட ரோம நாணயங்கள், அந்தப் புலம்பலில் உண்மை உண்டு என்று கலகலக்கின்றன.

நம் கலமும் அங்கே போயிற்று. செங்கடல் கரையில் பெரனிகேயின் பழைய கோயிலொன்றில் 1999-ஆம் வருஷம் ஒரு பெரிய ஜாடி அகப்பட்டது. இந்தியாவில் வனைந்த ஜாடி. உள்ளே ஏழரைக் கிலோ மிளகு! மது ஜாடி இங்கே காலியாகக் கிடக்க, மிளகு ஜாடி அங்கே நிறைந்தே இருந்தது. கி.பி. 79-இல் வெசூவியம் வெடித்துச் சாம்பலில் புதைத்த பாம்ப்பேயி நகரிலிருந்து 1938-இல் யானைத் தந்தத்தில் செதுக்கிய இந்தியப் பெண் உருவம் ஒன்றையும் எடுத்தார்கள். அது தமிழ்நாட்டுச் சிற்பம் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் திராட்சைக் கொடிக்குப் பெயர்போன அந்த ஊர் வீட்டில் பாரத தேசத்துக் கைத்திறன் அலங்காரமாக நின்றது என்பது மறுக்க முடியாதது.

மதுவைப் பற்றிப் பேசிவிட்டு வள்ளுவரை மறந்துவிடலாகாது. கள்ளின் இன்பத்தைப் பாடிய புலவர்கள் தமிழில் இருந்தார்கள். நெல்லரிசியிலேயே கள் சமைத்த பழக்கத்தையும் பத்துப்பாட்டுச் சொல்லுகிறது. அதே தமிழில்தான் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமும் எழுந்தது. யவன மது வந்ததைச் சொல்வது குடியைப் பாராட்டுவதற்கன்று. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தாலும் வந்து சேரத்தக்க நாடாக இது இருந்தது என்பதற்கு அந்த ஓடு சாட்சி என்பதே நம் கருத்து.

வெசூவியச் சாரலில் இன்றும் திராட்சை விளைகிறது. சாம்பல் மண்தான் அதற்கு உரம். ‘பியேதிரோஸோ’, அதாவது செங்கால், என்று ஒரு கருந்திராட்சை அங்கே உண்டு. அதன் காம்பு புறாவின் காலைப்போல் சிவந்திருக்கும். அதிலிருந்து பெரும்பாலும் கனமில்லாத, இலேசான செந்நிற மது இறங்குகிறது. ‘லாக்ரிமா கிறிஸ்தி’, கிறிஸ்துவின் கண்ணீர், என்று அந்நாட்டார் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். 1983-இல் இத்தாலிய அரசாங்கம் அப்பெயரைச் சட்டத்தால் காத்தது. வேற்றூர் மது அந்தப் பெயரைச் சூடிக்கொள்ள முடியாது. பாம்ப்பேயியின் இடிபாடுகளுக்குள்ளேயே, பழைய கொடிகளின் வேர் மண்ணில் விட்டுச்சென்ற துவாரங்களை ஆராய்ந்து, கொடி நின்ற இடத்திலேயே கொடி நட்டார்கள். 2001-இல் அங்கே மது இறக்கும் முதல் அறுவடை கிடைத்தது. அழிந்த ஊரிலும் தங்கள் மண்ணின் நினைவை அவர்கள் விடவில்லை.

நம் புகார் எப்படி இருக்கிறது? காவிரி கடலோடு கலக்கும் இடத்தில், இப்போதைய மயிலாடுதுறை மாவட்டத்தில், அது ஒரு சிறு மீனவர் ஊர். 1960-களில் தொல்பொருள் இலாகாவினர் பக்கத்துக் கீழையூரில் தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய படகுத் துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்டிய மரத்தூண்களும் அதில் நின்றன. பல்லவனீச்சுரத்தில் ஒரு பௌத்த விகாரமும் கிடைத்தது. கடல் கொண்டதாகச் சொல்லும் மற்றவற்றைத் தண்ணீருக்கடியில் தேடியும் பார்த்தார்கள். சிலப்பதிகாரம் பாடிய யவனர் இருக்கை எந்த மணலின் கீழ் உறங்குகிறதோ!

காவிரிக் கரையில் கிணறு வெட்டும்போதும் மனைக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் ஓடுகள் வரும். பெரும்பாலும் அவற்றை வரப்பில் எறிந்துவிடுகிறோம். அவற்றுள் ஒன்றில் இரண்டு காதின் தழும்போ கரும்மணலின் பொட்டோ இருந்தால், அது குப்பையன்று. இரண்டாயிரம் வருஷத்துக் கணக்குப் புத்தகத்தின் ஒரு தாள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு அதைத் தொல்லியல் துறையாருக்குக் காட்டுவது நம் கடமை. இடம் தெரியாத ஓடு ஊமை. மதுவைக் குடித்த மன்னன் போனான், மதுவும் போயிற்று. கலம் மட்டும் நமக்காகக் காத்திருக்கிறது.