சாவி என் கையில்... இன்ஜின் அதன் இஷ்டத்தில்!

டீக்காசு கொடுப்பதில் நான் கொஞ்சம் கஞ்சன்தான். ஆனால், ஆயில் ஊற்றுவதில் கர்ணன்! போன மாதம் அந்தத் தாராளம்தான் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

நண்பனின் பழைய டீசல் வேனில் நாலு பேர் கல்யாணத்துக்குக் கிளம்பினோம். டிரைவர் வேலை எனக்கு. திண்டிவனம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, 'கூட இருந்தா நல்லதுதானே' என்று, அளவு பார்க்காமலே ரெண்டு லிட்டர் இன்ஜின் ஆயிலை மடமடவென்று ஊற்றினேன்.

பத்து நிமிஷம் ஓடியிருக்கும். பின்னால் குபுகுபுவென்று நீலப் புகை! ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் இன்ஜின் அலறிக்கொண்டே வேகம் பிடித்தது. கிளட்சை மிதித்து, பிரேக் போட்டு, ஓரங்கட்டி, சாவியை உருவியே விட்டேன். ம்ஹூம்... நிற்கவில்லை! என் ஆருயிர் நண்பர்கள் மூவரும் அதற்குள் நூறடி தூரத்தில் இருந்தார்கள்.

டீக்கடையிலிருந்து ஒரு லாரி டிரைவர் ஓடி வந்தார். "இறங்கு தம்பி!" என்று சீட்டில் ஏறியவர், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியரைப் போட்டார். பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி... கப்சிப்!

"டீசலுக்குத் தீப்பொறி பிளக் கிடையாது தம்பி. அமுக்கின காத்தோட சூட்டுலயே பத்திக்கும். சாவி டீசலைத்தான் நிறுத்தும். நீ ஊத்தின ஆயிலு நுரைச்சு, பிரீதர் குழாய் வழியா காத்தோட உள்ளே போயிருச்சு. தன் ஆயிலையே குடிச்சு ஓடுது! டர்போ சீல் தேஞ்சாலும் இதே கதிதான். விட்டிருந்தா இன்ஜினே சிதறியிருக்கும்."

"கியர் இல்லாத ஜெனரேட்டர்னா அண்ணே?"

"காத்தை அடைக்கணும். காத்து இழுக்கற வாயில கெட்டிப் பலகையை வெச்சு அமுக்கு. கையை வெச்சே, கை காலி! கார்பன்-டை-ஆக்ஸைடு சிலிண்டர் இருந்தா அதுக்குள்ள அடி."

வீட்டுக்கு வந்து இதைப் பற்றிப் படித்தபோதுதான் நிஜமாகவே வியர்த்தது. 2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. கசிந்து பரவிய ஆவியை உறிஞ்சி, சும்மா ஓடிக்கொண்டு நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி இப்படித்தான் வெறி பிடித்து அலறியது. ஆவி பற்றி வெடித்ததில் 15 பேர் பலி, 180 பேருக்குக் காயம். நெருப்பு வைத்தது பெரும்பாலும் அந்த வண்டிதான் என்றது விசாரணை. ஆகவே, கேஸ் கசியும் இடத்தில் டீசல் வண்டியைக் கிளப்பவே கூடாது சார்!

இப்போதெல்லாம் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நின்றால், நானும் அங்கேயே நின்றுவிடுகிறேன். கர்ணன் பட்டத்தை ராஜினாமா செய்தாச்சு!