கைத்தொலைபேசிச் செயலிகளும் உயர்கல்வியும்: வன்னியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கல்விச் சாதனம் எதுவும் சமூகவுறவுகளுக்குப் புறம்பாக நின்று இயங்குவதில்லை. அச்சுநூலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கைத்தொலைபேசிச் செயலிக்கும் பொருந்தும். வன்னிப் பெருநிலப்பரப்பின் அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்கலாம்.

வவுனியாவில் 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கிய நிறுவனம் 2021 ஓகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் அமைந்துள்ளன. 2009 இல் முடிவுற்ற போரில் வீடும் நூலும் இழந்த பிரதேசம் இது. இங்கு உயர்கல்வி வேரூன்றிவந்த வேளையிலேயே, 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன; விரிவுரைகள் கைத்தொலைபேசிக்கு இடம்பெயர்ந்தன.

லேர்ண் எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பு வழியாகச் சூம் விரிவுரைகள் நடைபெற்றன. அவற்றுக்கும் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கும் தரவுக் கட்டணம் விலக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயின் வட்ஸ்அப்பில் பகிரப்பட்ட குறிப்புகளும் யூரியூப் காணொளிகளும் இச்சலுகைக்குப் புறம்பானவை. அவற்றுக்கு மாணவரே பணஞ் செலுத்த வேண்டியிருந்தது.

இங்குதான் அடிப்படை வினா எழுகின்றது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின்கீழ் மண்டபம், நூலகம், மின்விளக்கு யாவும் பொதுச் செலவிலானவை. செயலிவழிக் கல்வியிலோ கருவி, தரவு, மின்சாரம் ஆகியவற்றின் செலவு குடும்பத்தின்மீது சுமத்தப்படுகின்றது. கல்வி இலவசமாயிருக்க, அதனை அடையும் சாதனம் பண்டமாகிவிடுகின்றது. மாதச் சம்பளம் பெறும் குடும்பத்துக்கு இது சிறு செலவு. நெல் விளைச்சலையோ முல்லைத்தீவுக் கடலையோ நம்பி வாழும் குடும்பத்துக்கு அவ்வாறன்று. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணம் 20 சதவீதம் உயர்ந்தது. இவ்விரண்டும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. அவற்றின் சுமை வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபட்டது.

எனவே, செயலியை வழிபடுதலும் நிராகரித்தலும் ஒருங்கே தவறாகும். பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் மூடில் தளத்தின் செயலியில், பாடங்களை வளாக இணைப்பிற் பதிவிறக்கி வீட்டில் இணையமின்றியே கற்க முடியும். காணொளியினும் எழுத்துக்குறிப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் குறைந்த தரவே போதும். ஆங்கிலமொழிப் பாடங்களுக்குத் தமிழ் விளக்கக்குறிப்புகளும் உடன் வேண்டும். தேவையான மாணவருக்கு, நூலகம் நூலை இரவல் தருவதுபோலக் கருவியையும் தரலாம்.

இவை தொழினுட்ப ஏற்பாடுகள் மட்டுமல்ல. 1945 இன் உரிமையை இன்றைய சாதனத்துக்கும் விரிவுபடுத்தக் கோருவனவாகும். அக்கோரிக்கை எழாதவரை, செயலி அறிவைப் பரப்பும் வேகத்திலேயே ஏற்றத்தாழ்வையும் பரப்பும்.