சாப்பிட்டும் தேறாத பிள்ளை: கணையமும் சுகரும்

“நல்லாத்தான் சாப்பிடுறான், உடம்பு மட்டும் தேற மாட்டேங்குது” என்று தாய்மார்கள் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் பூச்சியோ சத்துக்குறைவோதான் காரணமாக இருக்கும். ஆனால் மலம் எண்ணெய்ப் பசையோடு கடும் நாற்றமாகப் போனால், சளி விடாமல் பிடித்தால், முத்தமிடும்போது நெற்றி அளவுக்கு மீறி உப்புக் கரித்தால், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயா என்று பார்த்துவிட வேண்டும். நம் நாட்டில் இது அரிது, அதனாலேயே தவறிப்போகிறது. வியர்வையில் உள்ள குளோரைடை அளக்கும் சோதனை இதைக் காட்டிக் கொடுக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இந்த நோயைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறது.

1938இல் நியூயார்க் மருத்துவர் டோரதி ஆண்டர்சன் இந்த நோயை விவரித்தபோது, கணையத்தில் கண்ட கட்டிகளையும் தழும்புகளையும் வைத்தே இந்தப் பெயர் வந்தது. கணையத்துக்கு இரண்டு வேலை. கொழுப்பையும் புரதத்தையும் செரிக்க வைக்கும் நீரைக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. இன்சுலினை ரத்தத்தில் விடுவது மற்றொன்று. இந்த நோயில் செரிமான நீர் கெட்டியாகிக் குழாய்களை அடைக்கிறது. நாளடைவில் கணையம் தழும்பேறுகிறது. தின்றது செரிக்காது, உடம்பில் ஒட்டாது. பல ஆண்டுகள் கழித்து இன்சுலினும் குறைகிறது. அப்படி வருவதுதான் இந்தச் சுகர். இந்நோய் உள்ள வளரிளம் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கும், பெரியவர்களில் பாதிப்பேர் வரைக்கும் வருகிறது. பத்து வயதிலிருந்து ஆண்டுதோறும் குளுக்கோஸ் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம்.

வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கும் சுகர் வேறு, இது வேறு. “சோற்றைக் குறை, நெய்யை நிறுத்து” என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு இந்தப் பிள்ளையின் சாப்பாட்டைக் குறைத்தால், உள்ள எடையும் போய்விடும், நுரையீரலும் கெடும். வயிறாரச் சாப்பிட வைத்து, அதற்கு ஏற்றபடி இன்சுலின் போடுவதே வைத்தியம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செரிமானத்துக்காகச் சாப்பாட்டோடு கொடுக்கும் என்சைம் கேப்ஸ்யூல்கள் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. அது தெரிந்ததும் மருந்தை நிறுத்திவிடத் தோன்றும். நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்ற சலுகை அல்பகரா 173ஆம் வசனத்தில் இருக்கிறது. மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடமும், அதன் பின் ஆலிமிடமும் கேளுங்கள். கேட்டு முடியும்வரை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். இன்சுலின் பற்றி அந்தக் கவலை வேண்டாம்; இன்று பரவலாகக் கிடைப்பது நுண்ணுயிர்களைக் கொண்டு தயாராவது.

தாய், தகப்பன் இருவரிடமும் குறையுள்ள மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது அப்படி இருவரும் அமைவது கூடும். மருமகளைக் குறை சொல்ல இதில் இடமே இல்லை.

நம் வெயிலையும் நினைக்க வேண்டும். 1948இல் நியூயார்க்கில் கடும் வெப்பம் அடித்தபோது, இந்நோய் உள்ள பிள்ளைகள் சுருண்டு விழுந்தார்கள். வியர்வையில் உப்பு அதிகமாக வெளியேறுகிறது என்ற உண்மை அதிலிருந்துதான் பிடிபட்டது. சித்திரை, வைகாசியில் கஞ்சியிலும் மோரிலும் எவ்வளவு உப்பு கூட்டுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு வயதை அடைந்த பிள்ளையாக இருந்தால், ரமளானுக்கு முன்பே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.