வெள்ளையடிப்பும் விருந்தும்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் இல்லங்களில் இரண்டு வேலைகள் தொடங்குகின்றன. ஒன்று, சுவருக்கு வெள்ளையடிப்பது. மற்றொன்று, கூடிவரும் உறவினர்களுக்குச் சமைப்பது. ஆள் வைக்காமல் நாமே செய்யும்போது, இரண்டுக்குமே பொறுமை தேவை.

சுட்ட சுண்ணாம்பை நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்து, கண்ணைக் கெடுத்துவிடும். ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஈரப்படுத்திய சுவரில் மெல்லியதாக இரண்டு முறை அடிக்கிறோம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மெல்ல மெல்லக் கல்லாக இறுகுகிறது. அவசரப்பட்டு ஒரே முறையில் தடிப்பாக அடித்தால் வெடித்து உதிரும்.

சமையலிலும் நிதானம் வேண்டும். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால், 20 பேருக்கு 2 கிலோ போதும். மீந்த பிரியாணியை 2 மணி நேரத்திற்குமேல் வெளியே வைத்தால் கிருமிகள் பெருகும். அவற்றில் சிலவற்றின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை.

எல்லாம் ஆயத்தமானபின், நம் அம்மா எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் அடுப்படியில், கடைசியாக உண்பவராக! பணிவிடை செய்யத் தன்னைத் தனியே விட்டுவிட்டதாக மார்த்தா இயேசுவிடம் முறையிட்டதை லூக்கா நற்செய்தியில் (10:40) காண்கிறோம். வெள்ளையடிக்க ஏணியில் ஏறிய ஆண்கள் வெங்காயமும் உரிக்கலாம்; பிள்ளைகள் இலை போடலாம். முதல் பந்தியில் அம்மாவும் அமரட்டும். அதுவே நம் இல்லத்தின் உண்மையான புதுப்பிப்பு.