பதினொன்றாம் வகுப்பில் கேட்ஸ்பி

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்பின் ஆங்கிலப் பாடம் ஆண்டு முழுக்க அமெரிக்க இலக்கியம்தான். அதுவரை ஷேக்ஸ்பியர், கிரேக்க நாடகம் என்று கலந்துகட்டிப் படித்த பிள்ளைகள் இப்போது தங்கள் நாட்டு எழுத்தில் மட்டும் உட்காருகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அமெரிக்க வரலாறும் இதே ஆண்டில்தான் வருகிறது. இந்த ஆங்கில வகுப்பைச் சாதாரண நிலையிலும் எடுக்கலாம், ஆனர்ஸ் நிலையிலும் எடுக்கலாம். ஆனர்ஸில் சேர முந்தைய ஆண்டு மதிப்பெண்ணோ ஆசிரியரின் பரிந்துரையோ தேவைப்படும்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு அங்கே குடியேறிய பெற்றோருக்கு இந்த வகுப்பு பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும். நாம் படித்த இலக்கியப் பாடத்தில் கதைச் சுருக்கம் உண்டு, பாத்திரப் படைப்பு உண்டு, மனப்பாடப் பகுதி உண்டு, எல்லாவற்றுக்கும் கோனார் நோட்ஸ் உண்டு. நோட்ஸ் அங்கேயும் உண்டு. கிளிஃப்ஸ் நோட்ஸ் என்னும் மஞ்சள் கறுப்புப் புத்தகம் 1958-லிருந்தே விற்கிறது. ஆனால் கதைச் சுருக்கத்தை எத்தனை அழகாக எழுதிக் கொடுத்தாலும் ஆனர்ஸ் வகுப்பில் மதிப்பெண் விழாது. கதை ஆசிரியருக்கும் தெரியும், பக்கத்து பெஞ்சுக்கும் தெரியும். இந்தக் கதையைப் பற்றி நீ என்ன வாதம் வைக்கிறாய், அதற்கு நூலில் எந்த வரி சாட்சி, அந்த வரி எப்படிச் சாட்சியாகிறது? இந்த மூன்றும்தான் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும்.

எந்தெந்த நூல்கள் என்பதை நாடு முழுமைக்குமாக யாரும் தீர்மானிப்பதில்லை. அங்கே தேசியப் பாடத்திட்டம் கிடையாது. 2010-இல் வெளியாகிப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ‘காமன் கோர்’ தரநிலைகள்கூட, பதினெட்டு, பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் அடிப்படையான அமெரிக்க நூல்களை மாணவர் அறிந்திருக்க வேண்டும் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. மீதியைப் பள்ளி மாவட்டமும் ஆசிரியரும் முடிவு செய்கிறார்கள். இத்தனை சுதந்திரம் இருந்தும் பட்டியல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பத்துப் பள்ளிகளின் பட்டியலை எடுத்தால் ஹாத்தார்ன், டக்ளஸ், தோரோ, விட்மன், எமிலி டிக்கின்சன், மார்க் ட்வைன், ஃபிட்ஸ்ஜெரால்ட், ஆர்தர் மில்லர் என்ற பெயர்களில் முக்கால்வாசி எல்லாவற்றிலும் இருக்கும். புதிய நூல் தொகுதிகளை வாங்கப் பணம் வேண்டும், பள்ளி அலமாரியில் பழைய பிரதிகள் கிடக்கின்றன என்பதும் இதற்கு ஒரு காரணம். இலக்கிய விமர்சகர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் மில்லரின் ‘தி குரூசிபிள்’ நாடகம் வரும். 1692-இல் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்ட கதை அது. மில்லர் அதை அரங்கேற்றியது 1953-இல். கம்யூனிஸ்டுகள் யார் யார் என்று அரசுக் குழுக்கள் ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்து, கூட்டாளிகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். ஆக மாணவர் ஒரே நாடகத்தில் இரண்டு நூற்றாண்டுகளைப் படிக்க வேண்டும். நாடகத்தின் நாயகன் ஜான் பிராக்டர் மற்றவர்களின் பெயரைச் சொல்ல மறுக்கிறான். 1956-இல் மில்லரே அப்படியொரு நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார வைக்கப்பட்டார். அவரும் பெயர்களைச் சொல்ல மறுத்தார். மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, 1958-இல் மேல்முறையீட்டில் விடுபட்டார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாடகத்தின் கடைசிக் காட்சியைப் படிக்கும் பிள்ளைக்கு வேறொரு கண் கிடைக்கும்.

பல பள்ளிகளில் ஆனர்ஸ் மாணவர்கள் கூடவே ஹாத்தார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலையும் (1850) முழுதாகப் படிக்கிறார்கள். ஹாத்தார்னின் மூதாதை ஒருவர் சேலம் விசாரணைகளில் நீதிபதியாக இருந்தவர். நாவலின் வாக்கியங்கள் நீளமானவை. முதல் ஐம்பது பக்கங்களில் பிள்ளைகள் முகம் சுளிப்பது வழக்கம். அதைத் தாண்டினால் நாவல் தன்னைத் திறக்கும் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். பாதிப்பேர் விஷயத்தில் அது உண்மை.

ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ வரும்போது வகுப்பில் சூடு ஏறும். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்த ஒரு சொல் நாவலில் இருநூறு முறைக்கு மேல் வருகிறது. அமெரிக்காவில் அது வெளியான 1885-லேயே கான்கார்ட் ஊர்ப் பொது நூலகம் அதை வேண்டாமென்று ஒதுக்கியது. ஆனால் அப்போது சொன்ன காரணம் நாவலின் கொச்சைத்தனம், இனவெறி இல்லை. இன்று எதிர்ப்பவர்களின் காரணம் வேறு. வகுப்பில் அந்தச் சொல்லைச் சத்தமாகப் படிப்பதா, தாண்டிவிடுவதா என்று ஆசிரியர் முதல் நாளே பேசிவிடுகிறார். சில பள்ளிகள் நாவலையே விட்டுவிட்டு, அடிமையாகப் பிறந்து தப்பித்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றை வைத்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பதே மேல். அடிமை முறையைப் பற்றி வெள்ளைக்காரச் சிறுவனின் குரலில் ஒரு புனைவும், அதை அனுபவித்தவரின் சொந்தக் குரலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விவாதத்துக்கு ஆசிரியர் எதையும் தூண்டிவிட வேண்டியதில்லை.

ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. 1925-இல் வெளியானபோது எதிர்பார்த்தபடி விற்காத நாவல். 1940-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடுதான் இறந்தார். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கென்று அச்சிட்ட இலவசப் பதிப்புகளில் இதுவும் சேர்ந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் போர்முனைக்குப் போயின. பிறகு கல்லூரி, அதன்பின் பள்ளி என்று வந்து உட்கார்ந்தது. ஒன்பதே அத்தியாயம் என்பதால் ஆசிரியர்களுக்கும் வசதி.

ஆனர்ஸ் வகுப்பு என்ன கேட்கிறது என்பதைக் காட்ட இந்த நாவலே நல்ல எடுத்துக்காட்டு. ஏழையாகப் பிறந்த கேட்ஸ்பி பெரும் பணக்காரனாகித் தன் பழைய காதலி டெய்சியின் வீட்டுக்கு எதிரே, விரிகுடாவின் மறுகரையில் மாளிகை வாங்குகிறான். இரவில் அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்தபடி நிற்கிறான். அந்த விளக்கு எதைக் குறிக்கிறது? நம்பிக்கையை என்று ஒரு பிள்ளை எழுதும். தவறில்லை, ஆனால் அதற்கு நாவலையே படித்திருக்க வேண்டாம். ஆசிரியர் ஓரத்தில் ‘அதனால் என்ன?’ என்று எழுதித் திருப்பித் தருவார்.

பிள்ளை நூலுக்குத் திரும்பிப் போக வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் டெய்சி அவன் பக்கத்திலேயே வந்து நிற்கிறாள். அவளிடம் அவன் அந்த விளக்கைப் பற்றிப் பேசுகிறான். அந்தக் கணத்தில் விளக்கு அவனுக்கு வெறும் விளக்காகிவிட்டது என்று கதைசொல்லியான நிக் நினைக்கிறான். இதைப் பிடித்துக்கொண்ட மாணவருக்கு ஒரு வாதம் கிடைத்துவிட்டது: கேட்ஸ்பி ஆசைப்பட்டது டெய்சிக்கா, அவளுக்காக ஏங்கிக்கொண்டிருப்பதற்கா? ஆசை நிறைவேறும் இடத்தில் அது ஏன் சுருங்குகிறது? இதை யாராவது மறுக்கலாம். மறுக்க இடமிருந்தால்தான் அங்கே அதை ‘தீசிஸ்’ என்பார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் எழும். விளக்கின் மதிப்பு குறைந்ததாக நினைப்பது நிக்தானே, கேட்ஸ்பி அப்படிச் சொன்னானா? யாரையும் எடைபோட மாட்டேன் என்று தொடங்கி நாவல் முழுக்க எல்லாரையும் எடைபோடும் அந்த நிக்கை எவ்வளவு நம்பலாம்? பதினாறு வயதுப் பிள்ளை இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தால் ஆசிரியருக்கு அன்று நல்ல நாள்.

இதற்கான பயிற்சி ஓரக்குறிப்பில் தொடங்கும். படிக்கும்போதே பக்க ஓரத்தில் கேள்வி, ஐயம், தொடர்பு எழுத வேண்டும். சில ஆசிரியர்கள் புத்தகத்தை வாங்கிப் பார்த்து அதற்கும் மதிப்பெண் போடுவார்கள். அடுத்தது சாக்ரட்டிக் செமினார். மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து தாங்களே பேசுவார்கள், ஆசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டு சும்மா இருப்பார். நன்றாகப் படித்துவிட்டு வாய் திறக்காத பிள்ளைக்கு இங்கே மதிப்பெண் குறையும். வீட்டில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் முதல் ஒன்றிரண்டு வாரம் இதில் தடுமாறுவதுண்டு.

பட்டியல் மெல்ல மாறியும் வருகிறது. சோரா நீல் ஹர்ஸ்டன் 1960-இல் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்கு 1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் போய்த்தான் கல் நட்டார். இன்று ஹர்ஸ்டனின் 1937 நாவல் பல ஆனர்ஸ் வகுப்புகளில் கேட்ஸ்பிக்கு அடுத்து வருகிறது. லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் நாடகம், டோனி மாரிசன், ஏமி டான், ஜும்பா லாஹிரி ஆகியோரும் இடம் பிடித்திருக்கிறார்கள்.

பெற்றோர் அதிகம் கேட்பது, இந்த ஆனர்ஸ் வகுப்பை எடுப்பதா, ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்னும் கல்லூரி நிலைப் பாடத்தை எடுப்பதா என்றுதான். பல பள்ளிகளில் ஆனர்ஸ் வகுப்புக்கு ஜி.பி.ஏ. என்னும் சராசரி மதிப்பெண்ணில் அரைப் புள்ளியும் ஏ.பி.-க்கு ஒரு புள்ளியும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். கொடுக்காத பள்ளிகளும் உண்டு. ஏ.பி.-க்கு மே மாதத்தில் காலேஜ் போர்டு நடத்தும் பொதுத்தேர்வு இருக்கிறது, ஆனர்ஸுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் வழக்கமாக எடுக்கும் ‘ஏ.பி. லாங்குவேஜ்’ முக்கியமாகக் கட்டுரை, பேச்சு போன்ற புனைவல்லாத எழுத்தையும் வாதத்தின் உத்திகளையும் பற்றியது. சில பள்ளிகள் இரண்டையும் ஒன்றாக்கி நடத்துகின்றன. ஒன்றாக்காத பள்ளியில் புள்ளிக்காக ஏ.பி. பக்கம் போன பிள்ளை ஹாத்தார்னையும் ட்வைனையும் தொடாமலே பள்ளியை முடித்துவிடலாம். கதை படிக்கப் பிடித்த பிள்ளையாக இருந்தால் அந்த அரைப் புள்ளியை விட்டுக்கொடுக்கலாம் என்பேன்.

கட்டுரையைச் சாட்ஜிபிடியே எழுதித் தந்துவிடும் என்று ஆனபின் வகுப்பின் நடைமுறையும் மாறிவருகிறது. வீட்டிலிருந்து எழுதி வருவதைக் குறைத்து, வகுப்பிலேயே பேனாவும் தாளும் கொடுத்து எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் கூடியிருக்கிறார்கள். அப்போது பிள்ளையின் கையில் இருக்கப்போவது ஓரக்குறிப்பு எழுதிய அந்தப் புத்தகம் மட்டுமே. ஆகவே பள்ளி கடன் கொடுக்கும், கிறுக்கக் கூடாத பிரதியோடு நிறுத்தாமல் சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பழைய புத்தகக் கடையில் மலிவாகவே கிடைக்கும். கேட்ஸ்பிக்கு 2021-இல் அமெரிக்கக் காப்புரிமையும் முடிந்துவிட்டதால் குறைந்த விலைப் பதிப்புகள் நிறைய வந்திருக்கின்றன.